இங்கிலீஷில் 94 மார்க்... ஆனால், காதில் மட்டும் ஏன் விழவில்லை?

"ஹலோ... சாப்பிட்டியா பாப்பா?"

"சாப்பிட்டேம்மா."

"குரலே சரியில்லையே... காலேஜ் புடிக்கலையா?"

"புடிச்சிருக்கும்மா. ஆனா மேம் நடத்துறது ஒண்ணுமே புரிய மாட்டேங்குது. எல்லாமே இங்கிலீஷ்."

"நீதான் இங்கிலீஷ்ல தொண்ணூத்தி நாலு வாங்குனவளாச்சே!"

"அது எழுதுனதும்மா. இது கேக்குறது."

தேனியை ஒட்டி, கம்பம் போகும் சாலையில் இருக்கும் பழனிசெட்டிபட்டி போன்ற ஊர்களில் இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. பிளஸ் டூ முடித்து மதுரைக்கோ கோவைக்கோ படிக்கப் போன பிள்ளைகள் முதல் மாதத்தில் வீட்டுக்குச் செய்யும் போன்களில் இந்தப் பேச்சு எப்படியும் ஒருநாள் வந்துவிடும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. "போகப் போகப் பழகிரும்" என்று சொல்லி போனை வைப்பார்கள்.

பழகிவிடும் என்பது உண்மைதான். ஆனால், பழகுவதற்குள் முதல் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. அதற்குள் 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று பிள்ளையே முடிவு கட்டிவிட்டால், அதை மாற்றுவது பெரும்பாடு. அப்படியானால் அந்த 94 மார்க் பொய்யா? பொய் இல்லை. அது அளந்தது வேறு ஒன்றை!

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று மொழிக்கு நான்கு திறன்கள். தாய்மொழியைக் குழந்தை இதே வரிசையில்தான் கற்கிறது. பிறந்து ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத்தான் 'அம்மா' என்கிறது. ஆனால், பள்ளியில் ஆங்கிலம் கற்கும்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் எழுத்து, பிறகு படிப்பு. கேட்பதற்கு நேரம் கிடைத்தால் உண்டு.

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடக்கும் எழுத்துத் தேர்வு. பிளஸ் டூவில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, மீதி 10 அகமதிப்பீடு. ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து கேள்வி கேட்டு, படிக்கும் திறனைச் சோதிக்கிறார்கள். ஆனால், ஒலிப்பதிவைப் போட்டு 'இதைக் கேட்டுப் பதில் எழுது' என்று பொதுத்தேர்வுக் கூடத்தில் யாரும் சொல்வதில்லை.

பாடப்புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. இப்போதைய ஆங்கிலப் புத்தகங்களில் கேட்டல் பயிற்சிக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. பக்கத்தில் கியூ.ஆர். கோடும் இருக்கிறது. ஆனால், டிசம்பருக்குள் பாடத்தை முடித்து, ஜனவரியில் திருப்புதல் தேர்வு வைக்க வேண்டிய ஆசிரியர், மார்க் வராத பகுதியில் எத்தனை பீரியடைச் செலவிட முடியும்?

தேர்வில் எது வருகிறதோ, அதுதான் வகுப்பில் நடக்கும். உலகம் முழுக்க இதே கதைதான். மொழித் தேர்வுகளை ஆராய்கிறவர்கள் இதைத் 'தேர்வின் பின்விளைவு' என்றே பேசுகிறார்கள்.

சி.பி.எஸ்.இ. இதை மாற்றிப் பார்த்தது. 2012-13 கல்வியாண்டில் கேட்டல், பேசுதல் திறன்களுக்குத் தனித் தேர்வைக் கொண்டுவந்தது. இன்று பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் பள்ளியே போடும் அகமதிப்பீட்டுக்குள் கேட்டலுக்கு 5, பேசுதலுக்கு 5 மதிப்பெண் இருக்கிறது. அளவு சின்னதுதான். ஆனாலும், ஐந்து மார்க்குக்காகவாவது வகுப்பில் ஒலிப்பதிவு ஓடும் அல்லவா?

ஊரே வாயை மூடும் 20 நிமிடம்

இதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு சீனா. அங்கே பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் எழுதும் கல்லூரி நுழைவுத் தேர்வின் பெயர் 'காவ்காவ்'. 2024-ல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் அதற்குப் பதிவு செய்தார்கள். மொத்தம் 750 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 150. சீன மொழிக்கும் கணக்குக்கும் உள்ள அதே எடை!

அந்த 150-ல் 30 மதிப்பெண் காதுக்கு. 20 கேள்விகள், சுமார் 20 நிமிடம். முதல் ஐந்து கேள்விகளுக்கு ஐந்து குட்டி உரையாடல்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். அடுத்து வரும் நீளமான உரையாடல்களும் பேச்சும் இரண்டு முறை ஒலிக்கும். மூன்று விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

பல மாகாணங்களில் ஜூன் 8, மதியம் 3 மணிக்குத் தேர்வு தொடங்கியதும் முதலில் ஒலிப்பது இந்தப் பதிவுதான். மற்ற பாடங்களுக்கு 15 நிமிடம் தாமதமாக வந்தாலும் உள்ளே விடுவார்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் 15 நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். நடுவில் ஒருவர் கதவைத் திறந்து நுழைந்தால், அந்தச் சத்தத்தில் இன்னொருவரின் ஒரு கேள்வி போய்விடும் என்பதுதான் காரணம். தேர்வு மையங்களைச் சுற்றி வாகனங்கள் ஹார்ன் அடிக்கத் தடை, கட்டட வேலைகளுக்குத் தடை.

தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே. நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டல் பகுதி வரும்போது, சுமார் 35 நிமிடம் நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன.

தேனி-கம்பம் சாலையில் 20 நிமிடம் ஒரு பஸ்கூட ஹார்ன் அடிக்காமல் போவதை நினைத்துப் பாருங்கள். வீரபாண்டித் திருவிழா நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கேட்டல் தேர்வு நடத்த நல்ல ஸ்பீக்கர் வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், கடைசி பெஞ்ச் வரை ஒரே அளவில் சத்தம் போய்ச் சேர வேண்டும். சுமார் ஒன்பது லட்சம் பேர் எழுதும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இதைச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஊமை ஆங்கிலம்

இவ்வளவு செய்தும் சீனா ஜெயித்துவிட்டதா? முழுதாக இல்லை.

வருடக்கணக்காக ஆங்கிலம் படித்தும் வாயைத் திறக்க முடியாத நிலைக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: 'ஊமை ஆங்கிலம்'. நம் ஊரில் 'படிச்சா புரியும், பேச வராது' என்கிறோமே, அதேதான். கேட்டல் தேர்வு வந்த பிறகு காது ஓரளவுக்குத் திறந்தது, வாய் திறக்கவில்லை. கேட்டல் பகுதியிலும் 'ஒலிப்பதிவு ஓடும் முன்பே விடைகளைப் படித்து வைத்துக்கொள்' என்பது மாதிரியான உத்திகளுக்கே பயிற்சி போனது.

அதனால் பெய்ஜிங் நகரம் இன்னொரு வழியைப் பிடித்தது. அங்கே கேட்டலையும் பேசுதலையும் சேர்த்து 50 மதிப்பெண்ணுக்குக் கணினியில் தேர்வு வைக்கிறார்கள். ஹெட்போனில் கேட்க வேண்டும், மைக்கில் பேச வேண்டும். இரண்டு முறை எழுதலாம். இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் காய்ச்சலில் ஒரு வருட உழைப்பு வீணாகாது.

மார்க் போடுவதில் நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. 2018 நவம்பரில் செஜியாங் மாகாணத்தில் நடந்த ஆங்கிலத் தேர்வில், கேள்வித்தாள் கடினம் என்று சொல்லி, படித்தல், எழுதுதல் பகுதிகளின் சில கேள்விகளுக்கு அதிகாரிகள் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார்கள். பெற்றோர்கள் கொதித்தார்கள். விசாரணை நடந்தது. கூட்டிய மார்க்கைத் திரும்ப எடுத்தார்கள். பொறுப்பானவர்கள் பதவி இழந்தார்கள்.

தமிழ்க் காதுக்கு ஏன் கஷ்டம்?

ஆங்கிலம் கேட்டுப் புரியவில்லை என்றால் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று அர்த்தம் இல்லை. இதற்குக் காதின் பழக்கம்தான் காரணம்.

முதல் சிக்கல், ஒலிகள். தமிழில் 'ப' ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் குண்டூசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பின்'! எழுத்தில் பார்த்தால் தெரிகிற வித்தியாசம், காதில் விழும்போது நழுவிவிடுகிறது.

இரண்டாவது, சொற்கள் ஒட்டிக்கொள்வது. 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ?' என்று வகுப்பில் நிறுத்தி நிறுத்திப் படித்திருப்பார்கள். வெளியே அது 'வாட்யா கானா டூ?' என்று வந்து விழுகிறது. தெரிந்த சொற்கள்தான். ஆனால், அடையாளம் தெரியாமல் வேஷம் மாறி வருகின்றன.

மூன்றாவது, அழுத்தம். தமிழில் ஒவ்வோர் எழுத்தையும் ஏறக்குறைய தெளிவாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். 'கம்ஃபர்ட்டபிள்' என்று எழுத்துக்கூட்டிப் படித்த சொல், பேச்சில் 'கம்ஃப்டபிள்' ஆகிவிடுகிறது.

நான்காவது, வேகம். படிக்கும்போது புரியாத வரிக்குத் திரும்பப் போகலாம். கேட்கும்போது அந்த வசதி இல்லை. ஒரு சொல்லில் தடுக்கி நின்றால், அடுத்த இரண்டு வாக்கியங்கள் போய்விடும்.

இந்த நான்குமே பழக்கத்தால் சரியாகக்கூடியவை. பழக்கம் இல்லாததால்தான் ஹாஸ்டலில் இருந்து போன் வருகிறது.

ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?

கல்லூரியோடு இது முடிவதில்லை. நர்சிங் முடித்து வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளுக்கு அடுத்த வாசலே இதுதான். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. தேர்வில் தேற வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் கேட்டலுக்கு 40 கேள்விகள், படித்தலுக்கு 40 கேள்விகள். ஓ.இ.டி. கேட்டலில் 42 கேள்விகள். நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசிக்கொள்வதைக் கேட்டுக் குறிப்பு எடுக்க வேண்டும். இரண்டு தேர்விலும் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும்.

ஏன் அவ்வளவு கெடுபிடி? 'ஃபிஃப்டீன்' என்று டாக்டர் சொன்னது 'ஃபிஃப்டி' என்று காதில் விழுந்தால், மருந்தின் அளவு மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிடும். அங்கே காதுதான் நோயாளியின் உயிரைக் காக்கிறது.

வாய் படிக்கிறது... மனசு படிக்கிறதா?

படித்தல் திறனிலும் ஓர் ஏமாற்று உண்டு. பிள்ளை கடகடவென்று ஆங்கிலம் வாசித்தால் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால், வாசிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு.

'பிரதம்' அமைப்பின் 'ஏசர்' ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 2023-ல் இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தபோது, எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவிகிதம். அப்படி வாசித்தவர்களிலும் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேரால்தான் அதன் அர்த்தத்தைச் சொல்ல முடிந்தது. கணக்குப் போட்டால், நூறில் சுமார் 42 பேர்தான் வாசித்துப் புரிந்துகொண்டவர்கள்.

தமிழ்நாட்டில் வாசிப்பைச் சோதிக்க நடந்த ஒரு நல்ல முயற்சி, 2022 ஜூன் மாத 'ரீடிங் மாரத்தான்'. இல்லம் தேடிக் கல்வி மையங்களின் குழந்தைகள் செல்போன் செயலி முன்னால் சத்தமாக வாசித்தார்கள். வாசிப்பதைக் கேட்டு, தப்பு வந்தால் செயலியே திருத்தியது. 18 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் கலந்துகொண்டார்கள். மார்க் கிடையாது, ஃபெயில் கிடையாது. அதனாலேயே பயமும் கிடையாது.

வீட்டிலேயே ஒரு சோதனை: 20 நிமிடம் போதும்

பொதுத்தேர்வு மாறும் வரை காத்திருக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், கையில் இருக்கும் செல்போனே போதும். அம்மா, அப்பாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

* முதலில் காது: பாடப்புத்தகத்தின் கியூ.ஆர். கோடில் கிடைக்கும் ஒலி, 'ஸ்டோரிவீவர்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வாசிப்புக் கதைகள், ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தி, பி.பி.சி.யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

* ஒரு முறை ஓடவிட்டு மூன்றே கேள்விகள்: யார்? என்ன நடந்தது? எத்தனை, எப்போது? பதிலைத் தமிழில் சொன்னால் போதும். இப்போது சோதிப்பது காதை மட்டும்தான்.

* மறுபடி ஓடவிடுங்கள். முதல் முறை விட்டது இரண்டாம் முறை கிடைத்தால், காது பழகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யூடியூப் என்றால் வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம். ஒரு மாதம் கழித்துப் பழைய வேகத்துக்கு வந்துவிட வேண்டும்.

* அப்புறம் எழுத்து: அதே பகுதியின் எழுத்து வடிவத்தையோ சப்டைட்டிலையோ இப்போது பார்க்கச் சொல்லுங்கள். 'அட, இந்த வார்த்தை எனக்குத் தெரியுமே!' என்று பிள்ளை சொல்லும் ஒவ்வோர் இடமும் முக்கியம். கண்ணுக்குத் தெரிந்து காதுக்குத் தெரியாத சொல் அது. ஒரு நோட்டில் குறித்து, ஐந்து முறை கேட்கச் சொல்லுங்கள்.

* எண்கள்: தர்ட்டீன்-தர்ட்டி, ஃபிஃப்டீன்-ஃபிஃப்டி. போன் நம்பர், பஸ் நேரம், விலை. இவற்றை ஒருவர் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். அண்ணன் - தங்கைக்கு நல்ல விளையாட்டு.

* படித்தலுக்கு 'ஏழில் ஐந்து': இது சீனத் தேர்வில் இருந்து எடுத்தது. ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, தனியாக ஏழு வாக்கியங்களைக் கொடுப்பார்கள். சரியான ஐந்தைச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். மீதி இரண்டும் ஏமாற்று வாக்கியங்கள். வீட்டில், பழைய ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியைக் கத்தரித்து, வேறு செய்தியில் இருந்து இரண்டு வாக்கியங்களைக் கலந்துவிட்டால் கேள்வித்தாள் தயார். மனப்பாடத்தால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மார்க் போடாதீர்கள். 'போன வாரத்தைவிட இந்த வாரம் எத்தனை கூடுதல்?' என்று மட்டும் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் மறுநாளே ஹெட்போன் காணாமல் போய்விடும். இரண்டு, தமிழில் கூப்பிட்டாலும் பிள்ளை அடிக்கடி 'என்ன? என்ன?' என்று கேட்டால், அது மொழிப் பிரச்னை இல்லாமல் இருக்கலாம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பள்ளிக்கு ஒரு பீரியட்

பள்ளிகளாலும் இதைச் செய்ய முடியும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இப்போது ஹைடெக் லேப் இருக்கிறது. வாரத்தில் ஒரு ஆங்கில பீரியடை அங்கே மாற்றினாலே போதும். ஏற்கெனவே இருக்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் கேட்டலுக்கு ஒதுக்கினால், புதிதாகப் பொதுத்தேர்வு எதையும் கொண்டுவராமலே வகுப்பறைக்குள் அந்த ஒலி வந்துவிடும். சீனாவின் அனுபவத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: சின்ன மார்க், இரண்டு வாய்ப்பு, கூடவே பேச்சு.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழ ஆயிரம் வழிகள் இருக்கின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் அந்த வழி. அங்கேயும் கேட்காவிட்டால், அது முதன்முதலில் கேட்கப்போகும் ஆங்கிலம், நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கல்லூரி வகுப்பில்தான்.

அந்த ஹாஸ்டல் போனுக்கு அம்மா சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்று இருக்கிறது. "உனக்கு இங்கிலீஷ் தெரியும் பாப்பா. காதுக்குத்தான் இன்னும் பழக்கமில்ல. தினமும் பத்து நிமிஷம் கேளு. என்ன கேட்டேன்னு ராத்திரி போன்ல எனக்கும் சொல்லு."

சொல்வதற்கு ஒரு அம்மா காத்திருக்கிறார் என்றால், பிள்ளை இன்னும் கவனமாகக் கேட்கும்.